துவாலுவின் ஒன்பதாவது நட்சத்திரமும் பல்லடத்துப் பனியனும்

1

அக்டோபர் முதல் தேதி எங்கள் வீட்டில் யாருக்கும் பிறந்த நாள் இல்லை, கல்யாண நாளும் இல்லை. இருந்தும் இந்த வருஷம் அன்று காலையில் நானும் என் வீட்டுக்காரரும் மகளும் ஒரே மாதிரி வான நீலப் பனியன் போட்டுக்கொண்டு காரில் ஏறினோம். எதிர்வீட்டு வெள்ளைக்காரர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இன்றைக்கு இந்தியாவில் என்ன பண்டிகை?"

"இந்தியாவில் இல்லை. துவாலுவின் சுதந்திர தினம்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பனியன், அதாவது எங்கள் பக்கத்து டீ ஷர்ட், பல்லடத்தில் அடித்தது என்பதையும் சொல்லியிருந்தால் இன்னும் குழம்பியிருப்பார்.

உங்களுக்காவது விளங்கும்படி சொல்லிவிடுகிறேன். நாங்கள் நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரத்தின் மேற்குப் பக்கம் குடியிருக்கிறோம். எங்கள் தெருவில் இந்தியர்களைவிடப் பசிபிக் தீவுக்காரர்கள் அதிகம். சமோவா, தோங்கா, நியுவே என்று ஊர் ஊராக இருக்கிறார்கள். அவர்களிலும் சின்ன நாட்டுக்காரர்கள் துவாலுக்காரர்கள். நாடு மொத்தத்தின் ஜனத்தொகையையும் கூட்டினால்கூடப் பல்லடம் டவுனுக்குக் காணாது. ஒன்பது தீவுகள். எல்லாமே கடல் மட்டத்துக்கு மேல் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற பவளத் திட்டுகள். மேட்டில் ஏறிப் பார்க்கலாம் என்றால் ஏற மேடே கிடையாது.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் என்னோடு ஒரே ஷிப்டில் இருப்பவள் லோசா. துவாலுக்காரி. நான் ஊரில் பள்ளிக்கூட டீச்சர், அவள் அங்கே தபால் ஆபீஸ் கிளார்க். இங்கே இரண்டு பேரும் சேர்ந்து படுக்கை விரிப்பு மாற்றுகிறோம். விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றால் பேசாமல் எப்படி இருப்பது? அப்படித்தான் சிநேகம் முளைத்தது.

2

ஜூலையில் ஒருநாள் லோசா கேட்டாள்: "எஸ்தர், உன் தம்பி டீ ஷர்ட் தைக்கிறவர் என்று சொன்னாயே, எங்கள் சுதந்திர தினத்துக்கு எங்கள் சர்ச் சபை மகளிர் குழுவுக்கு அடித்துத் தருவாரா?"

இங்கே அடித்தால் விலை கட்டுப்படியாகாது. நான் அன்றைக்கே தம்பி டேனியலைக் கூப்பிட்டேன். பல்லடத்தில் ஒரு சின்ன யூனிட் வைத்திருக்கிறான். துணி வாங்கி வெட்டித் தைத்துப் பிரிண்ட் போட்டு அனுப்புவான். பின்னால் தையல் மிஷின் சத்தம். நான் ஒரு பக்கம் கத்த, அவன் ஒரு பக்கம் கத்த.

"டேனி, துவாலு ஆர்டர் ஒண்ணு இருக்குதுடா."

"துவாலைங்களா? அக்கா, நம்முது பனியன் யூனிட்டுங்க. துவாலைன்னா கரூர்ல சொல்லோணுங்க."

"துவாலை இல்லடா, துவாலு! நாடு!"

"நாட்டுத் துவாலைங்களா?"

மிஷினை நிறுத்தச் சொல்லி, மூச்சை இழுத்து விட்டு, முதலிலிருந்து சொன்னேன். அது ஒரு தேசம். துவாலு என்றால் அவர்கள் பாஷையில் எட்டுப் பேர் சேர்ந்து நிற்பது என்று அர்த்தம். 'து' என்றால் நிற்பது, 'வலு' என்றால் எட்டு. லோசாவிடம் அப்போதுதான் கற்றிருந்த பெருமையில் ஒன்றிலிருந்து எண்ணியே காட்டினேன்: தாசி, லுவா, தோலு, ஃபா, லிமா, ஓனோ, ஃபிது, வலு, இவா.

"நல்லா இருக்குதுங்க்கா. எட்டுக்கு வலுங்களா? நம்முளுதாட்டவே இருக்குது" என்று சந்தோஷப்பட்டான்.

கொடியின் படத்தை அனுப்பினேன். வான நீலத் துணி. ஒரு மூலையில் பிரிட்டிஷ் கொடி, மற்றப் பக்கம் மஞ்சள் நட்சத்திரங்கள். மகளிர் குழு பிரிட்டிஷ் கொடி வேண்டாம் என்று முடிவு செய்திருந்தது. நீலப் பனியனில் நட்சத்திரங்கள் மட்டும் மார்பில் வரவேண்டும், கொடியில் இருக்கிற இடங்களிலேயே வரவேண்டும். வரிசையாக நிறுத்திவிடக் கூடாது. ஏனென்றால் அந்தக் கொடி ஒரு வரைபடம். தீவுகள் கடலில் எப்படிச் சிதறிக் கிடக்கின்றனவோ அப்படியே நட்சத்திரங்களும் சிதறிக் கிடக்கின்றன.

டேனியல் சாம்பிள் அடித்துப் படம் அனுப்பினான். லோசா எண்ணிப் பார்த்து, ஒன்பதும் சரியாக இருக்கிறது என்று என்னைக் கட்டிக்கொண்டாள். "உன் தம்பிக்கு ஃபகஃபெடாய் சொல்" என்றாள். நன்றி என்று அர்த்தம். வார்த்தையை வாய்ஸ் மெசேஜில் அனுப்பினேன். அவன் ஸ்தோத்திரம் என்று பதில் அனுப்பினான்.

3

பெட்டிகள் செப்டம்பர் கடைசி வாரம் வரைக்கும் வந்து சேரவில்லை. சுங்கத்தில் நிற்பதாகச் செய்தி வந்தது. போன் செய்தால் பியானோ இசை. அது முடிந்து ஒரு பெண் வந்தாள்.

"மேடம், பெட்டிக்குள் இருப்பது துவாலையா, சட்டையா?"

டேனியலின் ஆபீஸ் பையன் ஆவணத்தில் 'துவாலு டீ ஷர்ட்' என்று ஆங்கிலத்தில் அடிக்கப் போக, கம்ப்யூட்டர் தானாகவே அதைத் திருத்தி 'டவல் டீ ஷர்ட்' ஆக்கியிருந்தது.

"சட்டைதான். துவாலு என்பது நாட்டின் பெயர்."

"அப்படியானால் பொருள் தயாரான நாடு துவாலுவா?"

"இல்லை, இந்தியா."

"பிறகு துவாலு எங்கே வருகிறது?"

"சட்டையின் மேல்."

மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகப் போனை வைத்துவிட்டாள். பெட்டிகளை வெளியே எடுக்க நான் விளக்கக் கடிதம் எழுதி, டேனியல் அங்கிருந்து ஒன்று எழுதி, இரண்டும் பொருந்தவில்லை என்று மறுபடி எழுதி, ஒருவழியாகப் பண்டிகைக்கு முந்தின புதன்கிழமை பெட்டிகள் வாசலில் வந்து இறங்கின. அந்தச் சந்தோஷத்தில் பிரித்துக்கூடப் பார்க்காமல், அப்படியே தூக்கிக் காரில் போட்டு, லோசாவின் சபை மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். என் மகள் நிலாவும் வந்தாள். பதினொன்றாம் வகுப்பு. லோசாவின் மகளும் அவளும் ஒரே வகுப்பு. நிலா இப்போதெல்லாம் என்னிடம் பேசுவது முழுக்க ஆங்கிலம். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். சமயத்தில் தோளைக் குலுக்குவதோடு சரி.

4

பாட்டுப் பயிற்சி முடிந்திருந்தது. பெண்கள் பெட்டியைச் சுற்றிக்கொண்டார்கள். பனியன் அருமையாக வந்திருந்தது. துணி மெத்தென்று இருந்தது, நிறமும் கொடியின் நிறமே. ஆளாளுக்கு எடுத்து மேலே வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். நான் என் தம்பியே அங்கே நிற்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

லோசா தன் பனியனை மேஜைமேல் விரித்தாள். ஒவ்வொரு நட்சத்திரத்தின் மேலும் விரலை வைத்தாள். தாசி, லுவா, தோலு... வலுவோடு விரல் நின்றுவிட்டது. இன்னொரு பனியனை எடுத்தாள். அதிலும் எட்டுதான். மேல் மூலையில் தோள்பட்டைக்குப் பக்கத்தில் தனியாக இருக்க வேண்டிய நட்சத்திரம் இல்லை.

ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கடகடவென்று சிரித்து, "பழைய சண்டை திரும்ப வந்துவிட்டதா?" என்றார். அவ்வளவுதான், மண்டபமே பேச ஆரம்பித்தது. நாட்டின் பெயரே எட்டுதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு அம்மாள். அதெப்படி இருந்துவிட்டுப் போகும் என்று இன்னொரு அம்மாள். லோசா எதிலும் கலந்துகொள்ளவில்லை. பனியனைக் கடையில் மடிக்கிற மாதிரி நேர்த்தியாக மடித்தாள். பெட்டிக்குள் வைத்தாள். "அழகாக இருக்கிறது, எஸ்தர். உன் தம்பிக்கு நன்றி சொல்" என்றாள். அப்புறம் வெளியே போய்விட்டாள்.

அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நன்றியைத்தான் தாங்க முடியவில்லை.

5

கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவளாகவே சொன்னாள்.

ஒன்பதாவது தீவின் பெயர் நியுலகிதா. தென்கோடியில் இருக்கிறது; கொடியில் கிழக்குத் திசை மேலே இருப்பதால் அது மூலைக்குப் போய்விடும். இருப்பதிலேயே சின்னது. முன் காலத்தில் அங்கே நிரந்தரக் குடியிருப்பு கிடையாது. அதனால்தான் பெயரில் எட்டு. பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட காலத்தில், போன நூற்றாண்டின் நடுவில், வடக்கே நியுதாவோ தீவிலிருந்து சில குடும்பங்களைக் கொண்டுபோய் அங்கே குடியேற்றினார்கள். அப்படிப் போன குடும்பத்தில் வந்தவள் லோசா. ஒரே ஒரு கிராமம், தென்னை, சுற்றிலும் கடல். கப்பல் எப்போதாவது வரும்.

வெள்ளைக்காரன் ஒரே காலனியாகக் கட்டி வைத்திருந்த பக்கத்துக் கில்பர்ட் தீவுகளிலிருந்து ஓட்டுப் போட்டுப் பிரிந்து, எழுபத்தெட்டில் துவாலு சுதந்திரம் அடைந்தது. அப்போது ஏற்றிய கொடியில் ஒன்பது நட்சத்திரம். நியுலகிதாவும் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் வந்த அரசாங்கம் பெயருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஒரு நட்சத்திரத்தை எடுத்தது. அடுத்தாற்போல், பிரிட்டிஷ் அடையாளமும் வேண்டாம் என்று கொடியையே மாற்றியது. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆட்சி மாறியதும் பழைய கொடி ஒன்பது நட்சத்திரத்தோடு திரும்ப ஏறிவிட்டது. சரித்திரத்தில் இது இரண்டு வரி.

"நான் அப்போது தலைநகரத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன்" என்றாள் லோசா. "பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினார்கள். பக்கத்தில் நின்ற பெண் எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள், உன் ஊர் முங்கிப் போச்சு என்று. எல்லாரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குத்தான். ஆனால் எனக்கு அன்றைக்கு ஊருக்குப் போய்ப் பார்க்க வேண்டும்போல ஆகிவிட்டது, நிஜமாகவே இருக்கிறதா என்று. கப்பல் இல்லை."

6

வரும் வழியில் நிலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து டேனியலை வீடியோவில் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் நிலா போனைப் பிடுங்கிக்கொண்டாள். மாதக்கணக்கில் தமிழே பேசாத பெண் உடைந்த தமிழில் கொட்டினாள்.

"மாமா! நீங்க ஒரு தீவை அழிச்சுட்டீங்க!"

"தீவுங்களா கண்ணு? நானுங்களா?"

"ஒன்பது ஸ்டார். நீங்க எட்டு போட்டீங்க. அங்க மனுஷங்க இருக்காங்க மாமா!"

டேனியலின் முகம் சுருங்கிவிட்டது. மெதுவாகச் சொன்னான். பிரிண்ட் போடுகிற அன்றைக்கு எதற்கும் சரிபார்ப்போம் என்று எண்ணியிருக்கிறான். ஒன்பது வந்திருக்கிறது. அக்கா எட்டு என்றுதானே சொன்னாள் என்று இணையத்திலும் தேடியிருக்கிறான். அதிலும் பெயருக்கு எட்டு என்றே அர்த்தம் போட்டிருந்தது. கொடிப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கத் தோன்றாமல், சாம்பிளில் நாமே தப்புப் பண்ணிவிட்டோம், அக்கா பேர் கெட்டுப்போகும் என்று, ஒன்றை எடுத்துவிட்டான்.

"உங்குளக் கேக்கலாம்னுதானுங்க்கா நெனச்சேன். அங்க ராத்திரி ஆயிருக்கும், தூங்கற மனுசிய எதுக்கு எழுப்பறதுன்னு உட்டுப்போட்டேன். அந்த ஒண்ணு மட்டும் மூலைல தனியா நின்னுட்டு இருந்துச்சுங்க. அதுதான் தப்பு மாதிரித் தெரிஞ்சுது. அட சாமி, அது ஒரு ஊருங்களா?"

அடுத்த நாள் லோசாவின் முகத்தைப் பார்த்தே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றான். மதியச் சாப்பாட்டு வேளையில் வீடியோவில் கொடுத்தேன். அங்கே விடிந்தும் விடியாத நேரம். தலையை வாரிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சாரிங்க மேடம். வெரி சாரிங்க. மிஸ்டேக்குங்க. மை மிஸ்டேக்குங்க."

லோசா போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைக் கேட்டாள்: "ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன?"

"அது மரியாதை. எங்கள் பக்கத்து வழக்கம்" என்றேன்.

"ஆங்கிலத்துக்குமா?"

"எங்கள் ஊரில் பேசுகிற எதற்கும்."

முந்தின நாளிலிருந்து இறுக்கமாக இருந்த அவள் முகம் அப்போதுதான் தளர்ந்தது. போனைத் திறந்து, "இட்ஸ் ஓகேங்க" என்றாள். டேனியல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

7

இருந்தாலும் பனியனில் எட்டுதான் இருந்தது. புதிதாக அடித்து அனுப்ப நாள் இல்லை. என் வீட்டுக்காரர் நடராஜ் ஒரு பனியனைக் கையில் எடுத்து, மூலையைத் தடவிப் பார்த்து, "தெச்சுப்போடலாம்" என்றார்.

இவர் இங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறார். ஆனால் காலேஜ் முடித்த கையோடு திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் சாம்பிள் பிரிவில் இருந்தவர். தையல் மிஷினில் உட்கார்ந்து நான் பார்த்தே பல வருஷம் ஆகிறது, நிலா பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை காலையில் எங்கள் கார் ஷெட்டில் மூன்று மிஷின்கள் வந்து சேர்ந்தன. துவாலுப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து மஞ்சள் துணியில் நட்சத்திரம் வெட்டினார்கள். எங்கள் தமிழ்ச் சபையிலிருந்தும் நாலு பேர் வந்தார்கள். பனியன் துணி இழுத்தால் நீளும், சாதாரணத் தையல் போட்டால் சுருங்கும். நடராஜ் அடியில் காகிதம் வைத்து, நெளிதையல் போட்டு, பிறகு காகிதத்தைக் கிழித்தெடுத்தார். நிலா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "அப்பா, உங்களுக்கு இது தெரியுமா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

எந்த இடத்தில் வைப்பது என்று ஒவ்வொரு பனியனிலும் சாக்பீஸால் புள்ளி வைத்தது லோசாதான். வேறு யாரையும் தொடவிடவில்லை. மற்ற எட்டுத் தீவுகளிலிருந்தும் எவ்வளவு தள்ளி என்று அவள் விரலால் அளந்து பார்த்துப் புள்ளி வைத்தாள்.

மதியத்துக்கு நான் அரிசிம்பருப்புச் சாதம் செய்திருந்தேன். கோயமுத்தூர்ப் பக்கம் யார் வீட்டில் திடீரென்று விருந்தாளி, எங்கள் பேச்சில் ஒறம்பரை, வந்தாலும் கைகொடுக்கிற சாப்பாடு. லோசா வீட்டார் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கிழங்கும் மீனும் கொண்டுவந்திருந்தார்கள். சேப்பங்கிழங்குக்குப் பெரியப்பா மாதிரி ஒரு கிழங்கு. இரண்டும் ஒரே தட்டில் நன்றாகவே சேர்ந்தன.

சாப்பிடும்போது லோசா இவரைக் கேட்டாள், எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று. இவர் அதிகம் பேசமாட்டார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எங்கள் கல்யாணம் மதம் விட்டு மதம் செய்துகொண்ட கல்யாணம். பெருந்துறையில் இவர் வீட்டார் கோயிலுக்குப் போகிற விவசாயக் குடும்பம், நான் சர்ச்சுக்குப் போகிறவள். கொஞ்ச வருஷம் வீட்டில் இவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. "வந்தவங்க எத்தன பசங்கன்னு கேட்டா எங்கப்பா ரெண்டுன்னு சொல்லுவாருங்க. நாங்க மூணு பேரு." நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். இவர் அவசரமாகச் சேர்த்தார்: "இப்ப எல்லாம் சரியாப் போச்சுங்க. தினமும் போன் பண்ணி என்னைய உட்டுப்போட்டு இவகூடத்தான் பேசறாங்க."

லோசா எழுந்து இவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

8

அக்டோபர் முதல் தேதி மண்டபத்தில் கொடி ஏறியது. பெரியவர்கள் பிரார்த்தனை செய்தார்கள். பிறகு 'ஃபாதேலே' ஆரம்பித்தது. நடுவில் ஒரு மரப்பெட்டி, அதைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்து கையால் தட்டுகிறார்கள். பாட்டு மெதுவாகத் தொடங்கும். அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போது வேகம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் ஆடுகிறவர்கள், தட்டுகிறவர்கள், பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் மூச்சு வாங்கும். முன்வரிசையில் லோசா. அவளுக்குப் பக்கத்தில் அவள் மகள், துவாலுவை இதுவரை பார்க்காத பெண். அதற்கும் பக்கத்தில் நிலா, துவாலுவைப் பற்றி ஜூலை வரை கேள்விப்பட்டேயிராத பெண். கை ஏறி இறங்கும்போதெல்லாம் தோள்பட்டையில் தைத்த நட்சத்திரம் வெளிச்சத்தில் பளிச்சென்று எழுந்தது. கடையில் வாங்கிய மஞ்சள் துணி, பிரிண்டின் மஞ்சளைவிடக் கொஞ்சம் தூக்கல். மற்ற எட்டும் பனியனோடு படிந்து கிடக்க, இது மட்டும் மேலே நின்றது.

வேறு சபைகளிலிருந்து வந்தவர்கள் லோசாவைப் பிடித்துக்கொண்டு, இந்தச் சட்டை எங்கே கிடைக்கும், அந்த நட்சத்திரத்தை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். அன்று பெட்டி பிரித்தபோது சிரித்த பெரியவரும் வந்து தன் தோளில் இருந்த நட்சத்திரத்தைத் தட்டிக் காண்பித்தார். லோசா அன்று முழுக்க அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொன்னாள் என்று தெரியாது. சொல்லச் சொல்ல டேனியலின் வசனம் நீண்டுகொண்டே போனது. அவளுடைய 'சாரிங்க' அசல் பல்லடமாகவே இருந்தது.

மறுநாள் டேனியலைக் கூப்பிட்டேன்.

"டேனி, அடுத்த வருசத்துக்கும் ஆர்டர் குடுத்துட்டாங்கடா. இந்தத் தடவை மூணு சபைக்கு."

"நெசமாலுமுங்களா? அக்கா, இந்தவாட்டி நானே உக்காந்து எண்ணறனுங்க. ஒம்பது. பிரிண்டுக்குப் போறதுக்கு முன்னால நாலுவாட்டி எண்ணிப்போடறேன்."

"ஒன்பது வேண்டாமாம். எட்டே போட்டு அனுப்பச் சொன்னாங்க."

"எட்டுங்களா?"

"ஆமா. ஒன்பதாவதை அவங்களே உக்காந்து தைச்சுக்குவாங்களாம். வருசா வருசம்."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த மிஷின்களை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். சத்தம் அடங்கியது.

"அப்பிடின்னா மஞ்சத்துணி நான் அனுப்பறனுங்க்கா. அதக் கடைல வாங்க வேண்டாம்னு அவிங்ககிட்டச் சொல்லிப்போடுங்க."